முடிவு புரளும் நாள்: பொறுமையைக் கணக்கிட்டுக் கட்டும் முறை

ஒரு மாதம் தள்ளி யோசிக்கும்போது எல்லோரும் பொறுமைசாலிகள்தான். "அடுத்த மாதத்திலிருந்து சேமிக்கிறேன்", "திங்கட்கிழமையிலிருந்து படிக்கிறேன்" என்று சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. சொல்லும் நேரத்தில் அவருடைய உண்மையான விருப்பம் அதுதான். நாள் நெருங்கியதும் விருப்பம் புரண்டுவிடுகிறது. அது எப்போது புரளும் என்பதை ஓரளவு கணக்குப் போட்டே சொல்லலாம். அதற்கு முன்பாகவே சில ஏற்பாடுகளைச் செய்துவிட்டால், அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மனதோடு மல்லுக்கட்டும் வேலை பெருமளவு மிச்சம். புரளும் நாளைக் கண்டுபிடிப்பது, அதற்கு முன்னால் கட்டுப்போடுவது (பின்னால் மாறிவிடாதபடி நம்மை நாமே முன்கூட்டிக் கட்டிவைப்பது), காத்திருக்கும் காலத்தைக் கடத்துவது, காத்திருந்தது போதும் என்று எழுந்துவிடுவது ஆகியவற்றைக் கீழே அதே வரிசையில் பார்க்கலாம்.

விருப்பம் ஏன் புரள்கிறது?

தள்ளிக் கிடைக்கும் பயனுக்கு மனம் குறைவான மதிப்பே போடும். இதற்குக் காலத்தள்ளுபடி என்று பெயர். பொருளியலில் பால் சாமுவேல்சன் 1937இல் எழுதிய கணக்கு, கால அலகு ஒவ்வொன்றுக்கும் ஒரே விகிதத்தில் மதிப்பு குறைவதாக வைத்துக்கொண்டது. மக்கள் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறார்கள் என்று அவரும் சாதிக்கவில்லை. ஒரே விகிதத்தில் குறைந்தால் முடிவு புரளவே புரளாது: இன்றைக்குப் பெரிய பயன் மேலாகத் தெரிந்தால், கடைசி நொடிவரை அதுவே மேலாகத் தெரியும். உளவியலாளர் ஜார்ஜ் ஐன்ஸ்லி 1975இல் வெளியிட்ட கட்டுரையில், வளைவின் வடிவம் வேறு என்று வாதிட்டார். அருகில் செங்குத்தாகச் சரிந்து, தொலைவில் ஏறக்குறையத் தட்டையாகிவிடும் அதிபரவளையம் அது. ஜேம்ஸ் மேசர் 1987இல் அதற்கு ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார்:

இன்றைய மதிப்பு = தொகை ÷ (1 + அவசர எண் × நாள்கள்)

அவசர எண் என்பது இங்கே வசதிக்காக வைத்த பெயர். ஆளுக்கு ஆள் மாறும் எண் அது. 1ஐ அவசர எண்ணால் வகுத்தால், எத்தனை நாள் தள்ளிப்போனால் ஒரு பொருளின் மதிப்பு மனதில் பாதியாகிறது என்பது கிடைக்கும். அதைப் பாதிக்காலம் என்று வைத்துக்கொள்வோம். நடைமுறைக்கு இந்த ஓர் எண் போதும்.

ஒருவருடைய பாதிக்காலம் 10 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அவசர எண் 0.1. அவர் முன்னால் இரண்டு வாய்ப்புகள்: முதலில் 500 அளவுள்ள சின்னப் பயன், அதற்கு 14 நாள் கழித்து 1000 அளவுள்ள பெரிய பயன். சின்னது கைக்கு வர இன்னும் 30 நாள் இருக்கும்போது அதன் மதிப்பு 500 ÷ 4 = 125; பெரியதன் மதிப்பு 1000 ÷ 5.4 = 185. சந்தேகமே இல்லாமல் பெரியதைத் தேர்ந்தெடுப்பார். சின்னது கைக்கெட்டும் நாளில் அதன் மதிப்பு முழு 500. பெரியதோ 1000 ÷ 2.4 = 417தான். சின்னதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். இடையில் அவருடைய அறிவோ குணமோ மாறிவிடவில்லை. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

எங்கே வெட்டிக்கொள்கின்றன? மேலே உள்ள சூத்திரத்தையே திருப்பிப் போட்டால் வருவது:

புரளும் நாள் = இடைவெளி ÷ (மடங்கு − 1) − பாதிக்காலம்

இடைவெளி என்பது சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவே உள்ள நாள்கள். மடங்கு என்பது பெரியது சின்னதைப் போல எத்தனை மடங்கு என்பது. மேலே சொன்னவருக்கு 14 ÷ 1 − 10 = 4. சின்னது கிடைக்க 4 நாள் இருக்கும்போது அவர் மனம் புரளும். பெரியது ஒன்றரை மடங்கு மட்டும் என்றால் 14 ÷ 0.5 − 10 = 18; பதினெட்டு நாள் முன்பே புரண்டுவிடுவார். மூன்று மடங்கு என்றால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகிறது, அதாவது புரளவே மாட்டார். ஆகவே எல்லாவற்றுக்கும் கட்டுப்போடத் தேவையில்லை. மடங்கு பெரிதாக இருக்கும் இடத்தில் மனம் தானாகவே நிற்கும். பயன்கள் கிட்டத்தட்டச் சமமாக இருந்து, நடுவில் நீண்ட இடைவெளியும் இருக்கும் முடிவுகள்தாம் ஆபத்தானவை.

"இப்போதே" என்பதற்கு மனம் தனியாகக் கூடுதல் எடை போடுகிறது. டேவிட் லைப்சன் 1997இல் எழுதிய மாதிரியின் மையம் இதுதான். அதனால் கணக்கில் வந்த நாளை அப்படியே நம்பிக் கடைசிவரை இருந்துவிடாதீர்கள். 4 நாள் என்று வந்தால் 8 நாள் முன்பே ஏற்பாட்டை முடித்துவிடுவது நல்லது.

உங்கள் பாதிக்காலத்தை அளப்பது

பத்து நிமிட வேலை. தாளும் பேனாவும் போதும்.

1. உங்கள் நாட்டுப் பணத்தில் மகிழ்ச்சி தரக்கூடிய, ஆனால் வாழ்க்கையை மாற்றிவிடாத ஒரு தொகையை 1000 பங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

2. கேள்வி: "இன்றைக்கு 500, அல்லது 30 நாள் கழித்து 1000. எது வேண்டும்?" யோசிக்காமல் முதலில் தோன்றியதைக் குறியுங்கள்.

3. காத்திருப்பேன் என்றால் இன்றைய தொகையை 250 ஏற்றுங்கள். இன்றே வேண்டும் என்றால் 250 இறக்குங்கள். மீண்டும் கேளுங்கள். அடுத்தடுத்து 125, 63, 31 என்று ஏற்றி இறக்கிக்கொண்டே போங்கள். ஐந்தாவது பதிலோடு நிறுத்துங்கள்.

4. காத்திருக்க வைத்த கடைசித் தொகைக்கும், இன்றே எடுக்க வைத்த கடைசித் தொகைக்கும் நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பாதிக்காலம் = 30 ÷ (1000 ÷ அந்த எண் − 1).

ஒருவருடைய பதில்கள் இப்படிப் போகின்றன: 500 (காத்திருப்பேன்), 750 (காத்திருப்பேன்), 875 (இன்றே), 812 (காத்திருப்பேன்), 843 (இன்றே). 812க்கும் 843க்கும் நடுவில் 828. 1000 ÷ 828 − 1 = 0.208. 30 ÷ 0.208 = 144. இவருக்குப் பாதிக்காலம் சுமார் 144 நாள்.

இதே சோதனையை 7 நாளுக்கும் 180 நாளுக்கும் செய்து (சூத்திரத்தில் 30க்குப் பதில் அந்த நாள்களை வைத்து), கிடைக்கும் மூன்று விடைகளில் நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக வராது. ரிச்சர்ட் தேலர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், உடனே கிடைக்கும் 15 டாலருக்கு ஈடாக மக்கள் கேட்டது ஒரு மாதத்தில் 20, ஓராண்டில் 50, பத்தாண்டில் 100. ஆண்டு விகிதமாகப் போட்டால் முதலாவது 345 சதவீதம், கடைசியானது 19 சதவீதம். முதல் சில வாரங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் மனம் இவ்வளவு விலை கேட்கிறது.

இந்த அளவீட்டில் வழக்கமாக நேரும் பிழைகள் சில உண்டு. வங்கி வட்டியை மனதில் வைத்துக்கொண்டு "சரியான" விடை சொல்ல முயல்வது முதல் பிழை. பரீட்சை எழுதுகிறவர் பதிலாகத்தான் அது இருக்கும். 180 நாளுக்கு ஈடாகச் சொன்ன இன்றைய தொகை (நான்காம் படியில் வரும் எண்) 30 நாளுக்குச் சொன்னதைவிட அதிகமாக வந்தால் கவனம் சிதறியிருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். சின்னத் தொகைக்குத் தள்ளுபடி கடுமையாகவும், பெரிய தொகைக்கு மென்மையாகவும் இருக்கும். எனவே அன்றாடச் சின்ன முடிவுகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் சின்னத் தொகையில்தான் அளக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பணத்தில் அளந்ததை உணவுக்கோ உறக்கத்துக்கோ ஓய்வுக்கோ அப்படியே பொருத்தக்கூடாது. உடனடியாக நுகரும் பொருள்களுக்குப் பாதிக்காலம் மிகவும் குறைவு. பணத்தில் 144 நாள் காட்டிய அதே மனிதர், "இன்றிரவு 1 மணி நேர ஓய்வா, வார இறுதியில் 2 மணி நேரமா?" என்ற கேள்வியில் சில நாள்களுக்குள்ளேயே தடுமாறலாம். எந்த விஷயத்தில் தடுமாறுகிறீர்களோ அதன் அலகிலேயே அளந்து பாருங்கள்.

கட்டுப்போடுவதற்கு முன் ஒரு கேள்வி

வாக்குக் கொடுத்தவர் நம்பத்தக்கவரா? இதைத் தாண்டிவிட்டுப் பொறுமையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை பலருக்கும் தெரியும்: இப்போதே ஓர் இனிப்பு, காத்திருந்தால் இரண்டு. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்த்தார்கள். 28 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, வரைவதற்கு நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லி அப்படியே கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் அதே வாக்கைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14 பேரில் 9, இரண்டாவதில் ஒரே ஒருவர். அந்தப் பதின்மூன்று குழந்தைகளையும் பொறுமையற்றவர்கள் என்று சொல்லலாகாது. ஏமாந்த இடத்தில் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வது விவரமான செயல்.

சிறுவயதில் காத்திருந்த குழந்தை பின்னாளில் சிறக்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்ததும் 2018இல் பெரிதும் நீர்த்துப்போனது. 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியது. எனவே குழந்தையிடமோ, பணியாளரிடமோ, உங்களிடமோ பொறுமையை எதிர்பார்க்கும்போது முதலில் பழைய வாக்குகளின் வரவுசெலவைப் பாருங்கள். கடைசி ஐந்து வாக்குகளில் எத்தனை சொன்ன நாளில் நிறைவேறின? மூன்றுக்குக் கீழே என்றால் நீண்ட காத்திருப்பைக் கேட்காதீர்கள். இடைவெளியைத் துண்டாக்குங்கள்: மூன்று மாத வாக்குக்குப் பதில் ஒரு வார வாக்கு, அது நிறைவேறியபின் இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம். நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் வாக்குகளும் இதே கணக்கில்தான் சேரும். பலமுறை சொல் தவறியவர் தன்னையே நம்புவதில்லை. அவருக்கும் ஒரு வாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேள்வியை வேறு விதமாக எழுதுவது

கட்டுப்போடாமலேயே பாதிக்காலத்தை நீட்டச் சில வழிகள் ஆய்வுகளில் நன்றாகத் தெரியவந்துள்ளன. பலன் அளவானதுதான், செலவோ ஒன்றுமே இல்லை.

எத்தனை நாள் என்பதற்குப் பதில் தேதியை எழுதுங்கள். "ஐந்து மாதம் கழித்து" என்பதைக் காட்டிலும் "நவம்பர் 14" என்று எழுதினால் மக்கள் கூடுதலாகப் பொறுக்கிறார்கள். நாள்கணக்கைச் சொன்னால் மனம் காத்திருப்பின் நீளத்தைப் பார்க்கிறது. தேதியைச் சொன்னால் அன்றைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்கிறது.

மறைந்திருக்கும் பூச்சியத்தை வெளியே எழுதுங்கள். "இன்று 5, அல்லது 26 நாள் கழித்து 6.20" என்பதை "இன்று 5, 26 நாள் கழித்து 0. அல்லது இன்று 0, 26 நாள் கழித்து 6.20" என்று எழுதிக் கேட்டதும் காத்திருப்பவர்கள் கூடினார்கள். 2008இல் வந்த ஆய்வு இது. இன்றே எடுத்துக்கொண்டால் அந்த நாளில் கை வெறுமையாக இருக்கும் என்பது கண்ணில் படவேண்டும். அன்றாட முடிவுகளில் இதை ஒரே வரியில் எழுதலாம்: "இன்றிரவு படம், நாளை காலை 6 மணிக்குத் தூக்கம் 0, படித்த பக்கம் 0."

வருங்காலத்தைக் காட்சியாக்குங்கள். பொதுவாக "எதிர்காலம் நன்றாயிருக்கும்" என்று நினைப்பதால் எதுவும் நடக்காது. குறித்த நாளில், குறித்த இடத்தில், யாருடன், என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதி, முடிவெடுக்கும் நேரத்தில் அதைப் படிக்க வேண்டும். உண்மையாகவே நாட்குறிப்பில் இருக்கும் நிகழ்ச்சியாக இருந்தால் நல்லது. கற்பனைக் காட்சி சீக்கிரம் சாயம்போய்விடும்.

பல தடவைகளை ஒன்றாகக் கட்டுங்கள். "இன்றைக்கு உடற்பயிற்சி செய்யவா?" என்ற கேள்வியில் சின்னப் பயனே வெல்லும். "வரும் ஆறு திங்கட்கிழமைகளிலும் செய்யவா, ஆறிலும் விட்டுவிடவா?" என்று கேட்டால் பெரிய பயன்கள் ஆறும் ஒன்றாகக் கூடி எடை கட்டுகின்றன. ஐன்ஸ்லி இதை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். இதில் ஓர் அபாயம் உண்டு: ஒரு திங்கள் தவறினால் ஆறும் போய்விட்டதாகத் தோன்றி எல்லாமே கைவிடப்படும். அதனால் கட்டும்போதே "ஆறில் ஒன்று தவறலாம், இரண்டு தவறக்கூடாது" என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

கட்டுப்போடுவது

இதற்கு இரண்டு வகை உண்டு: மெல்லிய கட்டு, இறுகிய கட்டு.

மெல்லிய கட்டு என்பது "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்ற ஒற்றை வாக்கியம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இம்முறையைப் பற்றிய 94 சோதனைகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, நடுத்தரத்துக்கும் சற்று மேலான பலன் தெரிந்தது. இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு அது பெரிய பலன்தான். வாக்கியத்தின் முதல் பாதி கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடிகிற அடையாளமாக இருக்க வேண்டும். "நேரம் கிடைத்தால்" உதவாது. "இரவு 9 மணி அலாரம் அடித்ததும்" உதவும். இரண்டாம் பாதி ஒரு செயலாக இருக்க வேண்டும். "போனைத் தொடமாட்டேன்" என்று எதிர்மறையாக எழுதினால் போன்தான் நினைவில் நிற்கும், சில சமயம் பழைய பழக்கமே வலுக்கும். "போனை அடுத்த அறையில் சார்ஜில் போடுவேன்" என்று எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒரே வாக்கியம் போதும். ஐந்தாறு இலக்குகளுக்குச் சேர்த்து எழுதினால் எல்லாமே கடினம் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

இறுகிய கட்டு என்பது பின்னால் மனம் புரண்டாலும் வழி அடைபட்டிருக்கும் ஏற்பாடு. பிலிப்பைன்ஸில் ஓர் ஊரக வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு, தாங்களே குறிக்கும் நாளோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கு வழங்கப்பட்டது. நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இது. 28 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஓராண்டில் சேமிப்பின் வளர்ச்சி, கணக்கு வழங்கப்படாத குழுவைவிட 81 சதவீதப் புள்ளி கூடுதல். கூடுதல் வட்டி எதுவும் தரப்படவில்லை. பூட்டு ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனால் பூட்டின் பலம் முக்கியம். அதே நாட்டில் அனெட் ஜான் நடத்திய வேறொரு ஆய்வில், தவணை தவறினால் அபராதம் என்ற ஒப்பந்தத்தை மக்கள் தாங்களாகவே ஏற்றார்கள். அபராதத் தொகையையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். 55 சதவீதம் பேர் தவறி, அபராதமும் கட்டினார்கள். தன் பலவீனத்தை அரைகுறையாக உணர்ந்தவர் போதாத அபராதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்; அது தடுக்கவும் தடுக்காது, பணமும் போகும். நாம் பரிந்துரைக்கும் அளவு இதுதான்: கடைசியாக எந்த ஆசைக்காக முடிவை மாற்றினீர்களோ, அந்த ஆசையின் மதிப்பைப் போல மூன்று மடங்கு அபராதம். அதை நினைத்தாலே கட்ட மனம் வராது என்று தோன்றினால் அளவு சரி. "பரவாயில்லை, கட்டிவிடலாம்" என்று தோன்றினால் அது அபராதமாக வேலை செய்யாது, அனுமதிச் சீட்டின் விலையாகிவிடும். அபராதத்தைத் தீர்மானிக்கும் ஆள் நீங்களாக இருக்கக்கூடாது. இரக்கப்பட்டு விட்டுவிடும் நெருங்கிய நண்பரும் வேண்டாம்.

காலக்கெடுக்களைப் பொறுத்தவரை டேன் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வு நல்ல வழிகாட்டி. ஒரு பருவத்தில் மூன்று கட்டுரைகள். ஒரு வகுப்புக்குச் சம இடைவெளியில் நாள்கள் குறித்துத் தரப்பட்டன. இன்னொரு வகுப்பு தானே குறித்துக்கொண்டது, தாமதத்துக்கு மதிப்பெண் குறைப்பும் உண்டு. தாங்களே குறித்தவர்களில் பெரும்பாலோர் கடைசி நாளுக்கு முன்பாகவே நாள் வைத்தார்கள். தங்களைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் மதிப்பெண்ணில் சம இடைவெளி வகுப்பே முந்தியது. நாள் குறிக்கும்போது கடைசிப் பக்கம் நெருக்கிக் குவிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. வேலையைச் சம துண்டாக்கி, சம இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றையும் இன்னொருவர் கையில் கொடுத்தாக வேண்டும் என்று ஆக்கிவிடுங்கள்.

இன்றைக்கு எதையும் இழக்காமல் கட்டுப்போட முடிகிற இடங்களைத் தேடுங்கள், அவை தங்கமானவை. தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வகுத்த சேமிப்புத் திட்டம் அப்படிப்பட்டது: சம்பளம் உயரும்போது அந்த உயர்விலிருந்து சேமிப்பு விகிதமும் உயரும் என்று முன்கூட்டியே கையெழுத்து. முதலில் அதை நடைமுறைப்படுத்திய நிறுவனத்தில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. கையில் வாங்கியது எந்த மாதமும் குறையவில்லை, அதனால் மனம் புரளவும் காரணம் கிடைக்கவில்லை.

ஆசை எதிரே நிற்கும்போது

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில நேரம் நேருக்கு நேர் நிற்க நேரும். அப்போது முதல் வேலை மறைப்பது. மிஷெலும் எபெ எபசனும் 1970இல் வெளியிட்ட சோதனையில், பரிசுகள் இரண்டும் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக 1 நிமிடம்தான் பொறுத்தார்கள். இரண்டும் பார்வையில் இல்லாதபோது 11 நிமிடத்துக்கு மேல். பரிசைக் கண்முன்னால் வைத்து "இதற்காகத்தான் காத்திருக்கிறேன்" என்று ஊக்கம் பெற நினைப்பது தலைகீழான உத்தி. மறைக்க முடியாதபோது நினைப்பை மாற்றலாம்: இனிப்பின் சுவையை நினைத்தவர்கள் சீக்கிரம் விழுந்தார்கள், அதை மேகம் மாதிரி வெறும் உருவமாக நினைத்தவர்கள் நின்றார்கள்.

"மன உறுதி தீர்ந்துபோய்விட்டது, இனி முடியாது" என்பதை முழுக்க நம்பாதீர்கள். ஒரு கட்டுப்பாட்டுக்குப் பிறகு அடுத்ததற்குத் தெம்பு இருக்காது என்ற கருத்தை 2016இல் 23 ஆய்வகங்கள் 2000க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே முறையில் சோதித்தன. விளைவு ஏறக்குறையப் பூச்சியம். களைப்பு உண்மை, அது கட்டாயத் தோல்விக்கான சான்று அல்ல. தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஆசையோடு அதிகம் போராடுகிறவர்கள் என்பதும் தவறான எண்ணம். அன்றாட வாழ்வைத் தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வுகளில், அவர்கள் அந்தச் சண்டைக்கே குறைவாகத்தான் போகிறார்கள்.

வெறும் காத்திருப்பைக் கடத்துவது

தேர்வு முடிவு, மருத்துவ அறிக்கை, விண்ணப்பத்துக்குப் பதில். இங்கே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, நாள்தான் நகர வேண்டும். இரண்டு விஷயங்கள் காத்திருப்பை நீளமாக்குகின்றன: எப்போது முடியும் என்று தெரியாதது, ஏன் தாமதம் என்று தெரியாதது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது வரும்?" என்பதுகூட இல்லை. "எந்த நாளுக்கு முன்னால் நிச்சயம் வராது?" என்று கேளுங்கள். அந்தத் தேதிவரை மனதுக்கு விடுமுறை கொடுக்கலாம். காத்திருக்க வைப்பவர் நீங்களாக இருந்தால், தாமதத்தின் காரணத்தையும் அடுத்து எப்போது செய்தி சொல்வீர்கள் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள்.

கேட் ஸ்வீனி, வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். கவலையை அடக்க எடுத்த முயற்சிகள் பெரிதாக உதவவில்லை. கவலைப்பட்டே காத்திருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது மற்றவர்களைவிடப் பயனுள்ள முறையில் அதை எதிர்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கவலைப்படுவதற்காகத் தன்னைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாளை நகர்த்த நன்கு உதவுவது, திறமைக்குச் சற்றே மேலான கடினமுள்ள, உடனுக்குடன் பலன் தெரிகிற வேலை: ஓர் இசைக்கருவி, தோட்டவேலை, சதுரங்கப் புதிர், தையல். திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பது நேரத்தை நிரப்புகிறது, மனதை நிரப்புவதில்லை.

விரும்பாத விஷயத்தில் கணக்கு தலைகீழ். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1987இல் காட்டியதுபோல, இனிய நிகழ்வைச் சில நாள் தள்ளிவைத்து எதிர்நோக்கி மகிழ விரும்பும் மனிதர்கள், வலிதரும் நிகழ்வைச் சீக்கிரம் முடித்துவிடத் துடிக்கிறார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பயம் என்ற வாடகையை வசூலிக்கிறது. தவிர்க்க முடியாத கசப்பான வேலையை இந்த வாரத்துக்குள் முதல் காலை நேரத்தில் வைத்துவிடுங்கள். அதில் பொறுமைக்கு வேலையே இல்லை.

காத்திருந்தது போதும் என்பதை எப்படி அறிவது?

இலவு காத்த கிளியின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிளியிடம் பொறுமை குறைவாக இல்லை. எந்த வகைக் காத்திருப்பு என்று பார்க்கத் தெரியவில்லை. ஜோசஃப் மெக்வையரும் ஜோசஃப் கேபிளும் 2013இல் இதைத் தெளிவாக்கினார்கள். சில காத்திருப்புகளில் நேரம் போகப்போக முடிவு நெருங்குகிறது: அட்டவணைப்படி ஓடும் வண்டி, குறித்த கால அளவுள்ள சிகிச்சை. இவற்றில் பாதியில் எழுவது நட்டம். வேறு சிலவற்றில் நேரம் போகப்போக முடிவு விலகுகிறது: பதில் வராத கடிதம், திரும்ப அழைப்பதாகச் சொன்னவர். இவற்றில் ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுந்துபோவதே கணக்கறிந்த செயல். மனம் இரண்டையும் "இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்" என்ற ஒரே குரலில் பேசிவிடும்.

எது எந்த வகை என்று பார்க்கப் பழைய பத்து நிகழ்வுகளை எடுங்கள். உதாரணமாக, இதேபோன்ற பத்து விண்ணப்பங்களில் பதில் எத்தனையாவது நாளில் வந்தது? 3, 4, 4, 5, 6, 6, 8, 9, 30, வரவேயில்லை என்று இருக்கட்டும். பத்தில் எட்டு ஒன்பதாம் நாளுக்குள் முடிந்துவிட்டன. பத்தாம் நாளும் அமைதி என்றால், நீங்கள் இப்போது நிற்பது "30 அல்லது வரவேயில்லை" என்ற வாலில். பத்தாம் நாளில் ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு, அடுத்த வழியைத் தொடங்கிவிடுங்கள். மாறாக எண்கள் 20, 21, 22, 23 என்று நெருங்கி நின்றால் 19ஆம் நாளில் பதறுவதற்கு ஒன்றுமில்லை.

சொந்த வேலை எப்போது முடியும் என்பதற்கும் பழைய பதிவுகளையே நம்புங்கள், மதிப்பீட்டை நம்பாதீர்கள். 1994இல் வெளிவந்த ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட 49 நாள் என்றார்கள். ஆனது 55க்கும் மேல். படுமோசமான கணிப்பையும் உண்மை தாண்டிவிட்டது. உங்களுடைய முந்தைய மூன்று வேலைகளில் சொன்ன நாளையும் ஆன நாளையும் எழுதி, ஆனதைச் சொன்னதால் வகுத்து, நடுவில் வரும் எண்ணால் இப்போதைய மதிப்பீட்டைப் பெருக்குங்கள்.

நிறுத்தும் விதியை, காத்திருக்கத் தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். அதில் மூன்று விவரம் வேண்டும்: எந்தத் தேதி, அன்றைக்கு எந்த அடையாளம் தெரியாவிட்டால் நிறுத்துவது, நிறுத்தியதும் செய்யும் முதல் செயல். "ஜூன் 20க்குள் எழுத்துப்பூர்வ உறுதி வராவிட்டால், அன்று மாலையே இரண்டாவது இடத்துக்கு விண்ணப்பம்." தேதி வந்ததும் மனம் நீட்டிப்புக் கேட்கும். நீட்டிப்பு ஒருமுறை தரலாம். முதல் கால அளவில் பாதிக்கு மேல் தரக்கூடாது. விதி எழுதிய நாளில் தெரியாத ஒரு புதிய செய்தி கையில் இருந்தால் மட்டுமே தரலாம். இதுவரை செலவிட்ட நேரமும் பணமும் புதிய செய்தியில் சேராது.